கண்டன்சருக்கு ஏது பிளஸ் மைனஸ்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று குமாரபாளையத்தில் எந்தத் தறிக்கூடத்தில் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். இருபத்தாறு வருஷமாகத் தறி ஃபிட்டர் வேலை பார்க்கிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஒரு தறி நின்றால் ஓனர் ஒரு பக்கம் கத்துவார், ஓட்டுகிறவர் ஒரு பக்கம் கத்துவார், நடுவில் நான் ஸ்பேனரோடு கத்துவேன். ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் என் கோபத்துக்கு ஒரு நியாயமும் கிடையாது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

என் அக்கா உஷாராணியின் வீட்டுக்காரர் பெயர் வீரபாகு. வீட்டோடு சேர்த்து நாலு தறி போட்டிருக்கிறார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல் அவருடையது. நீங்கள் ஆற்றுப் பாலத்தில் நின்று கூப்பிட்டால் அக்கரையில் பவானிக்காரன் திரும்பிப் பார்ப்பான் என்று நான் கேலி செய்வேன். போன மாசியில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டி குரல் நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்ததாம். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது அவர் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தால் வார்த்தை புரியும். தறி ஓடுகிற வீட்டில் அதுவும் புரியாது.

இந்த நிலைமையில்தான் டீச்சர் படிப்பு படிக்கிற அவர்களுடைய ஒரே பெண் வித்யாவுக்கு ராசிபுரத்திலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் கௌசிக். நல்ல இடம். அக்கா வீட்டில் பேச ஆள் இல்லையே என்று நானே முன்னால் நின்று பேசினேன். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தேன். கல்யாணம் தை மாதம் என்று முடிவு செய்தேன். தாய்மாமன் செய்யாமல் வேறு யார் செய்வது?

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, யார் சபையில் வார்த்தை சொல்வது என்று பேச்சு வந்தது. பெண்ணைக் கொடுக்கிறேன் என்று பெண்ணின் அப்பா வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"நானே சொல்லிர்றேனுங்க மச்சான். தாய்மாமன் சொன்னா ஆகாதுன்னு எவன் சொல்லுவான்?" என்றேன்.

அவர் வித்யாவின் நோட்டை இழுத்து எழுதினார். 'எம் பொண்ணு. நான்தான் சொல்லுவேன்.' அடியில் இரண்டு கோடு போட்டார். இரண்டாவது கோட்டில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்து பிழைத்த மனிதர், ஐம்பத்திரண்டு வயதில் ஒரே பெண்ணின் நிச்சயத்தில் ஊமையாக உட்கார வேண்டுமா? டீச்சர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மைக் ஒன்று வித்யா ஏற்கெனவே வாங்கித் தந்திருந்தாள். அவருடைய காற்றுக் குரலுக்கு அது போதவில்லை. எதிரே உட்கார்ந்த இரண்டு பேருக்குத்தான் கேட்டது. சபைக்கு அது எம்மாத்திரம்.

"நானே ஒண்ணு செஞ்சு தாரேன்," என்றேன்.

தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்தால் நிறுத்துகிற சின்ன போர்டெல்லாம் நானேதான் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்துச் சரி செய்வேன். அந்தத் தைரியம். வீடியோ பார்த்துச் சாமான் வாங்கினேன். கன்னத்தோடு ஒட்டி நிற்கிற மைக், அதன் சத்தத்தைப் பெரிதாக்க ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டு, ஒரு ஸ்பீக்கர். கரண்டுக்கு, வயலில் மருந்தடிக்கும் மெஷினிலிருந்து கழற்றிய பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. ஆம்ப்ளிஃபயருக்கு ஐந்து வோல்ட்தான் தேவை. பன்னிரண்டை ஐந்தாகக் குறைக்க, கட்டைவிரல் அகலத்தில் பக் கன்வர்ட்டர் என்று ஒரு போர்டு விற்கிறது. எல்லாவற்றையும் ஒரு இடுப்புப் பைக்குள் வைத்துத் தைத்து மச்சானுக்குக் கட்டிவிட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் 'கீ' என்று ஒரு சத்தம். குறையவே இல்லை. மச்சான் பேசினார். அவர் குரலும் வந்தது, அதற்கு மேலே 'கீ'யும் வந்தது. சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் கூடின. மச்சான் காதைப் பொத்திக்கொண்டார்.

"கொசுவுக்கு மைக் குடுத்த மாதிரி இருக்குதுடா குமரா," என்றாள் அக்கா.

"நீ போய் வேலையப் பாரு," என்றேன்.

சாமான் வாங்கிய கடை சேலத்தில் இருக்கிறது. நடத்துகிற பெண்ணின் பெயர் மலர்விழி. அயோத்தியாப்பட்டணத்துக்காரி. எங்கள் பக்கத்து இழுவை பேச்சில் இருக்காது, கத்தரித்தது போல் பேசுவாள். ஃபோன் செய்து சொன்னேன்.

"அது கன்வர்ட்டர் போடற சத்தம் அண்ணே. முன்னாடி ஒரு கண்டன்சர், பின்னாடி ஒரு கண்டன்சர் போடுங்க. அடங்கிடும்," என்றாள்.

இவ்வளவுதானா? கண்டன்சர் எனக்கு நேற்று இன்றைக்கு வந்த பழக்கமா? தறி மோட்டார், போர்வெல் மோட்டார், ஃபேன் என்று ஊரில் பாதிப் பேருக்குக் கண்டன்சர் மாற்றியவன் நான். வண்டிப் பெட்டியில் எப்போதும் நாலைந்து கிடக்கும். டம்ளர் உயரத்துக்கு இரண்டை எடுத்து, நீளமாக ஒயர் விட்டு மாட்டினேன். மச்சானின் இடுப்பில் இப்போது பைக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர் தொங்கின. 'கீ' அப்படியே இருந்தது.

எனக்கு ஏறியது பாருங்கள். மறுநாள் காலை சங்ககிரி வழியாகப் பஸ் ஏறிச் சேலம் போய், கடையில் நாலு பேர் நிற்கும்போதே அந்த இரண்டையும் மேஜையில் வைத்தேன்.

"கண்டன்சர் போடச் சொன்னீங்கல்ல. போட்டாச்சு. என்னத்தக் கிழிச்சுது?" என்றேன்.

மலர்விழி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"அண்ணே, இது ஃபேனுக்கும் மோட்டாருக்கும் போடறது. இதுல பிடிக்கிறது சொட்டுத் தண்ணி. உங்களுக்குத் தொட்டி வேணும்," என்று சொல்லி, சுண்டுவிரல் பருமனில் கறுப்பாக நாலு கண்டன்சர்களை எடுத்து வைத்தாள். "ஆயிரம் மைக்ரோ. மாட்டறப்ப இந்த வெள்ளைக் கோடு..."

"தெரியுமுங்க," என்றேன்.

"இல்லண்ணே, இதுல பிளஸ் மைனஸ்..."

"கண்டன்சருக்கு ஏதும்மா பிளஸ் மைனஸ்? நீங்க பொறக்கறதுக்கு முன்னாலிருந்து மாட்டிட்டிருக்கறேன். எனக்கே பாடமா?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உறையில் போட்டுக் கொடுத்தாள். நான் பெரிய மனுஷனாகப் படியிறங்கி வந்தேன்.

நடுவில் நாலு நாள் ஒரு தறிக்கூடத்தை இடம் மாற்றுகிற வேலை பிடித்துக்கொண்டது. நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம்தான் புதுக் கண்டன்சர்களைப் பொருத்தினேன். எப்போதும் மோட்டாருக்கு மாட்டுவது போல் கண்டன்சரின் கம்பிக் கால்களில் கைக்கு வந்ததைக் கைக்கு வந்த ஒயரில் வைத்தேன். பையை மச்சான் இடுப்பில் கட்டினேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா அடுப்படியில் இருந்தாள். வித்யா நூல் சுற்றும் மெஷினுக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பேசுங்க மச்சான்," என்று சுவிட்சைப் போட்டேன்.

அவர் வாயெடுக்கும் முன்னால் 'டப்' என்றது. பைக்குள்ளிருந்து புகை கிளம்பியது. கருகின நாற்றம்.

மச்சான் கத்தினார்.

அதை நான் பார்த்தேன், கேட்கவில்லை. வாய் முழுதாகத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. பத்தடியில் உட்கார்ந்திருந்த வித்யா திரும்பவே இல்லை. அடுப்படியில் அக்கா ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் பெற்ற பெண்ணுக்கும் கட்டிய பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று உயிர் போகிற மாதிரி கத்துகிறார், ஒருவருக்கும் தெரியவில்லை. நான் பாய்ந்து பையைப் பிய்த்து எறிந்தேன்.

நான் போட்ட கூச்சலில் அக்கா ஓடிவந்தாள். மச்சானின் இடுப்பில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. அக்கா என்னைத் திட்டிய திட்டெல்லாம் எழுத முடியாது. எல்லாம் தகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அப்பா என்னை வைத்துத்தான் சொல்லுவார்.

வித்யா திட்டவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "மாமா, எங்கப்பா சபையில பேசாட்டியும் பரவாயில்லீங்க. எங்கப்பா நல்லா இருந்தாப் போதும்."

நான் தறிக்கூடத்துக்குள் போய்ப் பாவு உருளைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தைந்து வயது ஆள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன். எட்டு மாதமாக அவர் அப்படித்தான் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்த மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் வந்து பக்கத்தில் குந்தினார். கையில் நோட்டு. திட்டி எழுதியிருப்பார் என்று நினைத்து வாங்கிப் பார்த்தேன். 'நாளன்னிக்கு நிச்சயம். நாளைக்குள்ள சரி பண்ண முடியுமா?' என்று எழுதியிருந்தது.

"முடியுமுங்க மச்சான்," என்றேன். முடியுமா என்று எனக்கே தெரியாது.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கடை திறக்கும்போதே போய் நின்றேன். வெடித்த கண்டன்சரை மேஜையில் வைத்தேன். தலை பிளந்து கிடந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

மலர்விழி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யார் மேலயாவது பட்டுச்சா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன், குரல், நாளைக்கு நிச்சயம், இடுப்பில் கொப்புளம். அவள் குத்திக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். குத்திக் காட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நானும் அன்னிக்கு உங்கள நிறுத்திச் சொல்லியிருக்கணும் அண்ணே. ஆளுங்க இருந்தாங்க, விட்டுட்டேன்," என்றாள். பிறகு வாடிக்கையாளர்களை அரை மணி நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டு, சால்டரைச் சூடு வைத்தாள். "நான் வெச்சுத் தர மாட்டேன். நீங்களே வைங்க. நாளைக்கு ஏதாவது ஆனா நீங்கதானே அங்க இருப்பீங்க."

வெள்ளைக் கோட்டைக் காட்டினாள். மோட்டார் கண்டன்சருக்குப் பக்கம் கிடையாது, எப்படி மாட்டினாலும் ஓடும். பேட்டரியில் ஓடுகிற இதற்குப் பக்கம் உண்டு. கோடு போட்ட கால் மைனஸுக்குத்தான் போக வேண்டும். மாற்றினால் உள்ளே கொதித்து வெடிக்கும். ஒரே வார்த்தை, இரண்டு சாமான். இருபத்தாறு வருஷ அனுபவம்தான் என்னைக் கவிழ்த்தது.

"ஒயரை ஏன் இவ்வளவு நீளமா விட்டிருக்கீங்க?"

"பைக்குள்ள வசதியா இருக்கட்டும்னுங்க."

"உங்க தொழில்லயே சொல்றேன். இந்த போர்டு கரண்டை நறுக்கி நறுக்கித்தான் வோல்ட்டைக் குறைக்குது. நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல நறுக்குது. நறுக்கின இடத்துல பிசிறு நிக்குமா இல்லையா? அந்தப் பிசிறுதான் உங்களுக்குக் 'கீ'ன்னு கேக்குது. அதை வாங்கி வழிச்சு விடறதுக்குத்தான் கண்டன்சர். அது போர்டு காலடியிலேயே உக்காரணும். அரையடி தள்ளி வெச்சா, வெச்சதும் ஒண்ணுதான், வைக்காததும் ஒண்ணுதான்."

இப்படிச் சொன்னால் எந்தத் தறிக்காரனுக்குப் புரியாது? காலைக் குட்டையாக வெட்டினேன். கோட்டை ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துவரம்பருப்பு அளவில் இன்னொரு சின்ன கண்டன்சரையும் வைக்கச் சொன்னாள். பொடிப் பிசிறு அதில் போகுமாம். அதற்குக் கோடும் இல்லை, பக்கமும் இல்லை. பேட்டரி ஒயரில் ஒரு ஃபியூஸ் வைக்கச் சொன்னாள், வைத்தேன். பையின் உள்பக்கம் தடித்த ரப்பர் ஒட்டச் சொன்னாள், ஒட்டினேன். என் வாழ்க்கையில் ஒருவர் சொல்லச் சொல்ல மறுபேச்சில்லாமல் அரை மணி நேரம் கேட்டது அன்றைக்குத்தான்.

சுவிட்சைப் போட்டோம். ஸ்பீக்கர் மேல் விளக்கு எரிந்தது. 'கீ' இல்லை. வேலை செய்யவில்லையோ என்று பயந்துபோய் மைக்கை வாயருகே வைத்துக் காற்றாக, "மச்சான்," என்றேன். கடை முழுக்கக் கேட்டது. மலர்விழி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அக்கா வீட்டில் தறி நாலையும் நிறுத்தினோம். தெருவிலும் சொல்லி ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னோம். ராசிபுரத்துக்காரர்கள் இருபது பேர், எங்கள் பக்கம் முப்பது பேர். மச்சான் புது வேட்டிக்கு மேலே பையைக் கட்ட மறுக்கவில்லை. நான்தான் கட்டினேன். அவர் என் தோளைத் தட்டினார். சுவிட்சை அவரே போட்டுக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க," என்றார்.

பழைய குரல் இல்லை. சொரசொரவென்று, ஓலையை இழுப்பது போல் ஒரு குரல். ஆனால் கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. சலசலப்பு நின்றது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் நெஞ்சு பெருத்துப் போயிற்று. நான் செய்தது, நான் செய்தது என்று உள்ளே ஒரே குதியாட்டம்.

"பொண்ணக் குடுக்கறேன்னு சொல்றதுக்கு முன்னால, எம் பொண்ணுகிட்ட ஒண்ணு கேக்கோணும்," என்றார்.

இது யாரும் எதிர்பார்க்காதது. அவர் வித்யாவின் பக்கம் திரும்பினார்.

"சாமி, மாப்பிள்ளைய உனக்குப் புடிச்சிருக்குதா?"

வித்யா தலை குனிந்தபடி, "புடிச்சிருக்குதுங்கப்பா," என்றாள். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"தை மாசம் கல்யாணம்னு பேசியிருக்குது. அது உனக்குச் சம்மதமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தை மாதம் நான் குறித்தது. எழுந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். வித்யா நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லீங்கப்பா. தையில எனக்குப் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கற பயிற்சி இருக்குது. அதுல போகாட்டி ரெண்டு வருசப் படிப்பும் வீணாப் போயிரும். சித்திரையில பரீட்சை. அது முடிஞ்ச பிறகு எப்ப வெச்சாலும் சரிங்க."

மாப்பிள்ளையின் அம்மா, "இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க என்ன வேண்டாம்னா சொல்லப் போறோம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

"யாரும் கேக்கலீங்க அத்தை," என்றாள் வித்யா.

கௌசிக் தன் அப்பாவிடம் குனிந்து என்னவோ சொன்னான். பிறகு எழுந்து நின்று, "வைகாசியில வெச்சுக்கலாமுங்க. அவங்க படிச்சு முடிக்கட்டும்," என்றான். அவன் அப்பாவும் தலையசைத்தார்.

அப்போதுதான் மச்சான் கை கூப்பினார். "எம் பொண்ணு வித்யாவ உங்க பையனுக்கு மனசார குடுக்கறேனுங்க," என்றார். தட்டு மாற்றினார்கள். எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். நான் மட்டும் மரம் மாதிரி நின்றேன். அன்றைக்கு நான் பேசியிருந்தால் தை மாதத்தைச் சபையில் உரக்கச் சொல்லி, முடித்துக் கொடுத்திருப்பேன். அந்தப் பெண் வாய் திறந்திருக்க மாட்டாள். தாய்மாமன் பேச்சுக்கு மறுபேச்சு பேசக் கூடாது என்று வளர்த்திருக்கிறோம்.

பந்திக்கு ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். நான் மச்சானுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாப்பா படிப்பு விசயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

மைக் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

"மூணு தடவ சொன்னேன் மாப்ள. தறி ஓடுச்சு. மூணு தடவயும் நான் நோட்ட எடுக்கறதுக்குள்ள நீ ஆமாங்க ஆமாங்கன்னு தலையாட்டிட்டுப் போயிட்ட."

அது வீடு முழுக்கக் கேட்டது. பந்திக்குப் போனவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தறிக்கூடத்தில் காதில் விழாத பேச்சுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு நகர்வது எங்களில் யாருக்குத்தான் பழக்கமில்லை? அதனால் அது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. மச்சானும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பக் கேக்குதுங்க மச்சான்," என்றேன்.